ராமநாதபுரம் கடற்கரைக்கு விடுமுறை: கோல்ஃப் ஆட எந்த மைதானம்?

சேதுக்கரை78

ஜனவரி கடைசி வாரம், மொத்தம் ஏழு நாள். மதுரையில் விமானத்தில் இறங்கி, ராமேஸ்வரத்தில் தங்கி, அங்கிருந்தே ரயிலில் சென்னை திரும்புவதாக இருக்கிறோம். ஆறு பேரில் மூன்று பேர் கோல்ஃப் ஆடுவார்கள். ஹேண்டிகேப் இண்டெக்ஸ் (ஆட்டத் திறமையைக் காட்டும் எண், குறைவாக இருந்தால் நல்ல ஆட்டக்காரர்) 14, 18. மூன்றாமவர் பெண், அவருக்கு இண்டெக்ஸ் 30. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ஏர்வாடி பக்கம் எங்கேயாவது மைதானம் உண்டா? இல்லையென்றால் எதைத் தேர்ந்தெடுக்கலாம்? ஒரே ஒரு 18 ஹோல் ஆட்டம் போதும். ஆனால் அது உருப்படியாக இருக்க வேண்டும்.

பாம்பன்காற்று

எஸ்.பி.பட்டினம் முதல் சாயல்குடி வரை வெளியாட்கள் ஆடக்கூடிய கோல்ஃப் மைதானம் ஒன்றுகூடக் கிடையாது. "கடலோர ரிசார்ட், கோல்ஃப் வசதி உண்டு" என்று எவராவது போட்டிருந்தால் ஃபோன் போட்டு எத்தனை ஹோல் என்று கேளுங்கள். பெரும்பாலும் பட்டிங் (பந்தைக் குழிக்குள் உருட்டுவது) பழகும் செயற்கைப் புல்வெளியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

உங்கள் பாதையை வைத்துப் பார்த்தால் மூன்று வழி இருக்கிறது. ஒன்று கொடைக்கானல், 18 ஹோல். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கி.மீ., மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாக மலை ஏறினால் இன்னும் 115 முதல் 120 கி.மீ. இரண்டாவது திருவனந்தபுரம், கவடியாரில் உள்ள 9 ஹோல். ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழக்கரை, சாயல்குடி, தூத்துக்குடி, பிறகு திருநெல்வேலி, நாகர்கோவில். கணக்குக்கு 320 கி.மீ. வரும். மூன்றாவது இலங்கை. சென்னை நந்தனமும் கோவை செட்டிபாளையமும் நல்ல 18 ஹோல் மைதானங்கள்தான். ஆனால் ராமேஸ்வரம் பயணத்தோடு அவற்றை ஒட்டுப்போட முடியாது.

என் தேர்வு கொடைக்கானல். காரணம் எளிது: மதுரையில்தான் இறங்குகிறீர்கள்.

ஒன்பதாம்ஹோல்

பாம்பன்காற்று சொன்னதோடு ஒத்துப்போகிறேன். கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இல் தொடங்கியது. ஊரிலிருந்து பசுமைப் பள்ளத்தாக்கு, தூண் பாறை போகும் வழியில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல். இந்த உயரம் உங்கள் தூரக் கணக்கையே மாற்றிவிடும், அதைத் தெரிந்துகொண்டு போகாதவர்கள் முதல் ஆறு ஹோலிலும் கிரீனை (குழியைச் சுற்றியுள்ள ஒட்டவெட்டிய புல்பரப்பு) தாண்டி அடித்துக்கொண்டிருப்பார்கள்.

கணக்கு இது: உயரத்தை அடியில் எடுத்து 0.00116ஆல் பெருக்கினால், பந்து எத்தனை சதவீதம் கூடுதலாகப் போகும் என்று கிடைக்கும். 7,000 அடிக்கு 8 சதவீதம். சமவெளியில் 7ஆம் நம்பர் அயர்னில் (இரும்புத் தலை மட்டை) 140 யார்டு அடிப்பவருக்கு அங்கே 151 போகும். ஆனால் ஜனவரிக் காலையில் குளிர் கடுமையாக இருக்கும், சில இரவுகளில் உறைபனியே விழும். குளிர்ந்த பந்து துள்ளாது, குளிர்ந்த காற்று கனமானது. அதனால் 4, 5 யார்டு திரும்பப் போய்விடும். ஆக 146 அல்லது 147. ஒரு கிளப் (மட்டை) குறைத்து, அதாவது 7க்குப் பதில் 8ஆம் நம்பர் எடுத்தால் சரியாக இருக்கும், இரண்டு குறைக்க வேண்டாம். அடுத்த பந்தை கால்சட்டைப் பையிலேயே வைத்திருங்கள், உடம்புச் சூட்டில் இருக்கட்டும்.

இன்னொன்றும் நடக்கும். காற்று மெல்லியதாக இருப்பதால் பந்தின் சுழற்சிக்குப் பிடிமானம் குறைவு. ஸ்லைஸ் (பந்து பக்கவாட்டில் வளைந்து போகும் அடி) அடிப்பவருக்கு வளைவு குறையும், அது லாபம். ஆனால் அதே காரணத்தால் பந்து உயர எழாமல் தட்டையாக வந்து இறங்கும், கிரீனில் நிற்காமல் ஓடும். கொடியை நேராகக் குறிவைக்காமல் கிரீனின் முன்விளிம்பைக் குறிவையுங்கள்.

காட்டுமாடு மேயும் இடம். அதன் அருகில் பந்து கிடந்தால் விரட்டவோ படமெடுக்கவோ கிட்டே போகாதீர்கள். விதி 16.2 இதற்கென்றே இருக்கிறது: ஆபத்தான விலங்கு பக்கத்தில் இருந்தால், ஆபத்தில்லாத மிக அருகிலுள்ள இடத்திலிருந்து ஒரு கிளப் நீளத்துக்குள், ஹோலுக்கு நெருங்காமல், அபராதமின்றி டிராப் செய்யலாம், அதாவது பந்தைக் கையிலிருந்து கீழே விட்டு ஆடலாம். மாடு பந்தைத் தள்ளிவிட்டால் விதி 9.6, பழைய இடத்திலேயே வைத்து ஆட வேண்டும். அதற்கும் அபராதம் இல்லை.

கீழக்கரைக்காரன்

கொடைக்கானல் நல்ல மைதானம், மறுக்கவில்லை. ஆனால் கேட்டவர் கடற்கரை விடுமுறை என்று கேட்கிறார். கடல் தெரிய ஆட வேண்டுமென்றால் தெற்கே பார்க்க வேண்டும். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் இருக்கிறது, பறக்கும் நேரம் ஒரு மணி சொச்சம். ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப் 1879இல் தொடங்கியது. மைதானத்துக்கு நடுவே களனிவெளி ரயில் பாதை ஓடுகிறது, ரயில் வந்தால் ஆட்டக்காரர்கள் நின்று வழிவிட வேண்டும். அது நகரத்துக்குள் இருப்பது. கடலோரமாகவே வேண்டுமென்றால் அம்பாந்தோட்டையில் ஷங்ரி-லா ஹோட்டலின் 18 ஹோல் இருக்கிறது. கொழும்பிலிருந்து தெற்கு அதிவேகச் சாலையில் மூன்று, மூன்றரை மணி நேரம். வறண்ட பகுதி, ஜனவரி கடைசியில் மழைத் தொல்லை குறைவு.

ஹோட்டல் மைதானத்தில் ஒரு வசதி: உறுப்பினர் அறிமுகம் கேட்க மாட்டார்கள், வாடகை கிளப் தரமாக இருக்கும், பெண்களுக்கான செட்டும் கிடைக்கும். அந்த மூன்றாமவரையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பாம்பன்காற்று

காக்கா (அண்ணா), அம்பாந்தோட்டையின் அழகைப் பற்றி எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. நாளை மட்டும் எண்ணிப் பாருங்கள். போக ஒரு நாள், ஆட ஒரு நாள், திரும்ப ஒரு நாள். ஏழில் மூன்று போய்விட்டது, ஆடாத மூன்று பேரும் அந்த மூன்று நாளும் கூடவே அலைய வேண்டும். விசாவுக்கு முன் அனுமதி வேறு எடுக்க வேண்டும். நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பலைச் சிலர் யோசிப்பார்கள். அது வாடைக்காலத்தில் நிறுத்தப்படுவது வழக்கம். ஓடினாலும் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு 400 கி.மீ. கோல்ஃபுக்கு அது வழியே இல்லை.

பத்து நாளுக்கு மேல் இருந்தால் நானே இலங்கை என்றுதான் சொல்வேன்.

சேதுக்கரை78

அப்படியானால் கொடைக்கானல் என்று வைத்துக்கொள்கிறேன். 14ம் 30ம் சேர்ந்து ஆடும்போது எந்த டீ (ஒவ்வொரு ஹோலிலும் முதல் அடி அடிக்கும் இடம்)? கிளப்பைத் தூக்கிக்கொண்டு வருவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? ஃபோனில் என்னென்ன கேட்க வேண்டும்?

மட்டையும்மண்ணும்

டீயிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் விடுமுறை ஆட்டம் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். ஒருவர் 5ஆம் நம்பர் அயர்னில் சராசரியாக எத்தனை யார்டு அடிக்கிறாரோ, அதை 36ஆல் பெருக்குங்கள். 150 யார்டு என்றால் 5,400. அதுதான் அவருக்கு ஏற்ற மைதான நீளம். 110 யார்டு அடிப்பவருக்கு 3,960, அதாவது இருக்கும் டீக்களிலேயே முன்னால் உள்ளது. மூன்று பேரும் ஒரே டீயில் நிற்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. "நாமெல்லாம் ஒன்றாகவே ஆடுவோம்" என்று 30ஐப் பின்டீக்கு இழுத்தால், அவருக்கு ஒவ்வொரு பார்-4உம் (நான்கு அடியில் முடிக்க வேண்டிய ஹோல்) பார்-6 ஆகிவிடும், நாலரை மணி நேர ஆட்டம் ஆறு மணி நேரம் இழுக்கும், பின்னால் வருபவர்களும் காத்துக்கிடப்பார்கள்.

வெவ்வேறு டீயில் ஆடினால் ஹேண்டிகேப்பைத் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும். ஸ்கோர் கார்டில் ஸ்லோப் ரேட்டிங்கும் கோர்ஸ் ரேட்டிங்கும் (மைதானம் எவ்வளவு கடினம் என்று காட்டும் எண்கள்) இருக்கிறதா என்று பாருங்கள். இண்டெக்ஸை ஸ்லோப்பால் பெருக்கி, 113ஆல் வகுத்து, அதோடு கோர்ஸ் ரேட்டிங்கிலிருந்து பாரைக் கழித்து வருவதைக் கூட்ட வேண்டும். உதாரணத்துக்கு ஸ்லோப் 120, கோர்ஸ் ரேட்டிங் 69.5, பார் 70 என்று வைத்துக்கொண்டால், இண்டெக்ஸ் 18க்கு 19.1லிருந்து 0.5 போக 18.6, முழுதாக்கினால் 19. 14க்கு 14, 30க்கு 31. ஸ்ட்ரோக்பிளே (மொத்த அடிகளை எண்ணுவது) வேண்டாம், ஸ்டேபிள்ஃபோர்டு (ஹோலுக்கு ஹோல் புள்ளி) ஆடுங்கள். ஒரு ஹோல் கெட்டுப்போனால் பந்தை எடுத்துவிட்டு அடுத்ததற்கு நடக்கலாம்.

ஃபோனில் கேட்க வேண்டியவை. வெளியாட்களுக்கு அன்றைய கட்டணம் உண்டா, உறுப்பினர் யாராவது அறிமுகப்படுத்த வேண்டுமா? ஹேண்டிகேப் சான்று கேட்பார்களா? அந்த நாளில் போட்டி ஏதும் இருக்கிறதா? வாரத்தில் எந்த நாள் பராமரிப்புக்கு மூடுவார்கள்? கேடி (மட்டைப் பை தூக்கி வருபவர்) கட்டாயமா, கேடி கட்டணம் தனியா? இவையெல்லாம் எல்லோரும் கேட்பது. பலர் கேட்காமல் விட்டுவிடும் கேள்வி ஒன்று இருக்கிறது: கிரீனில் துளை போட்டது எப்போது? மண் இறுகாமல் இருக்க கிரீன் முழுக்கத் துளை குத்தி மணல் நிரப்புவார்கள். அது ஆற இரண்டு, மூன்று வாரம் ஆகும். அந்த வாரத்தில் போனால் பட்டிங் பந்து தட்டுத் தடுமாறித்தான் உருளும், கட்டணம் என்னவோ அதேதான். நாளை முடிவு செய்யும் முன் இதைக் கேளுங்கள்.

உடை: காலர் வைத்த சட்டை, ஜீன்ஸ் கூடாது, மென்முள் ஷூ. இது எங்கேயும் பொதுவான வழக்கம்.

கிளப்பைப் பொறுத்தவரை, முழு செட் பையோடு 12 முதல் 15 கிலோ வரும். உள்நாட்டு விமானத்தில் சாதாரண வகுப்பில் பெரும்பாலும் 15 கிலோதான் இலவசம், துணிமணிக்கு இடமிருக்காது. அதனால் நான் சொல்வது பாதிவழி: பட்டர் (கிரீனில் பந்தை உருட்டும் மட்டை), உங்கள் கைக்குப் பழகிய ஒரு வெட்ஜ் (கிட்டத்திலிருந்தும் மணலிலிருந்தும் பந்தைத் தூக்கி அடிக்கும் மட்டை), ஷூ, இரண்டு கையுறை, ஆறேழு பந்து. மீதியை வாடகைக்கு எடுங்கள். பெண்களுக்கான செட், இடக்கை செட் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வாடகை செட்டில் தேய்வது பிடிதான். கை வழுக்கினால் வேறு செட் கேளுங்கள். முழு செட்டே கொண்டுவருவதென்றால், டிரைவரைவிட (செட்டிலேயே நீளமான மட்டை) இரண்டு விரல்கடை நீளமான துடைப்பக் குச்சி ஒன்றைப் பைக்குள் செங்குத்தாக நிறுத்துங்கள். பையைத் தலைகீழாகப் போட்டாலும் அடி குச்சியில் விழும், டிரைவரின் கழுத்தில் விழாது. கிளப்பைக் கைப்பையாக உள்ளே விட மாட்டார்கள். தூரம் அளக்கும் கருவி லித்தியம் பேட்டரியில் ஓடுவது, அதைக் கைப்பையில் வையுங்கள். திரும்பும் ரயிலில் மூன்றடுக்கு ஏசி என்றால் 40 கிலோ வரை இலவசம். கீழ்ப் படுக்கைக்கு அடியில் பையை நீளவாக்கில் தள்ளிவிடலாம்.

திருப்புல்லாணி_வாசகன்

நம் கடற்கரையிலேயே ஒரு மைதானம் வந்தால் இத்தனை அலைச்சல் இல்லையே. நிலம் கிடக்கிறது, மணல் இருக்கிறது, காற்று இருக்கிறது. ஸ்காட்லாந்தில் லிங்க்ஸ் மைதானங்கள் இப்படிப்பட்ட மணல்மேட்டில்தானே பிறந்தன?

உச்சிப்புளி

மணலும் காற்றும் ஒன்றுபோலத் தெரியலாம், மழை ஒன்றல்ல. அங்கே ஆண்டு முழுக்கத் தூறல், வெயில் தணிவு, புல் தானாக நிற்கும். இங்கே வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மீதி மாதங்களுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.

எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். 18 ஹோலில் நீர் பாய்ச்ச வேண்டிய புல்பரப்பு 25 ஹெக்டேர் என்று வைப்போம். வெயில் காலத்தில் நாளுக்கு 5 மி.மீ. ஆவியாகும் என்றால் 1,250 கன மீட்டர், அதாவது தினமும் 12.5 லட்சம் லிட்டர். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயில் தண்ணீர் வராத நாளில் ஊருணிக்குக் குடத்தோடு நடக்கும் ஊர்கள் உள்ள மாவட்டம் இது. நிலத்தடி நீரை உறிஞ்சலாம் என்றால், கரையோரத்தில் நன்னீர் என்பது உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய ஏடு. வேகமாக இறைத்தால் கீழிருந்து உப்பு ஏறி வரும், பக்கத்துக் கிணறுகளும் கெடும்.

சாதாரணமாக நம் சமவெளி மைதானங்களில் இருப்பது பெர்முடா, நம்ம ஊர் அருகம்புல் குடும்பம்தான். ஓரளவு உப்பு தாங்கும். சீஷோர் பாஸ்பேலம் என்ற வகை அதைவிட நன்றாகத் தாங்கும், உலகெங்கும் கடலோர மைதானங்களில் அதைப் போடுகிறார்கள். ஆனால் அதற்கும் மண்ணில் படியும் உப்பை அலசிவிட அவ்வப்போது நல்ல தண்ணீர் வேண்டும். மன்னார் வளைகுடா 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, 21 தீவு. புல்லுக்குப் போடும் உரம் மழையில் வழிந்து எங்கே போய்ச் சேரும் என்று யோசித்தாலே பதில் கிடைத்துவிடும். வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கடலாடி_கிளப்

மைதானம் இல்லாவிட்டால் பரவாயில்லை. தனுஷ்கோடி முனையில் நின்று பழைய பந்து பத்துப் பதினைந்தைக் கடலுக்குள் அடித்துப் பார்க்கலாம். டிரைவர் பழக நல்ல இடம்.

உச்சிப்புளி

தயவுசெய்து செய்யாதீர்கள் தம்பி. கோல்ஃப் பந்து மிதக்காது. உள்ளே செயற்கை ரப்பர், அதில் துத்தநாகச் சேர்மங்கள். மேலே பிளாஸ்டிக் உறை. அலையில் உருண்டு உருண்டு உறை தேயும், அந்தத் துகளெல்லாம் கடலில்தான் கலக்கும். கலிஃபோர்னியாவில் பெபிள் பீச் பக்கத்துக் கடலடியிலிருந்து மட்டும் 50,000க்கும் மேற்பட்ட பந்துகளை எடுத்திருக்கிறார்கள். நம் பக்கம் பவளப்பாறையும் கடற்புல்லும் கடற்பசுவும் உள்ள நீர். போதாததற்கு கரைவலை இழுப்பவர்கள் அங்கே இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பார்கள். மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் போகும் பந்து தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து. 2025இல் தனுஷ்கோடிப் பகுதி பூநாரை சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது.

மட்டையும்மண்ணும்

உச்சிப்புளி சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். ஆனால் கடற்கரை மணலில் பந்தே இல்லாமல் பழக அருமையான பயிற்சி ஒன்று உண்டு. பங்கரில் (மைதானத்தின் மணற்குழி) தடுமாறும் எவருக்கும் இரண்டு காலை போதும்.

இடம்: அரியமான் கரை போல ஆள் நடமாட்டம் குறைந்த இடமாக, அலை வந்து திரும்பும் ஈர விளிம்பை ஒட்டி. மேட்டு மணலுக்கு ஏறக் கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும் காலம், கூடு உலர்ந்த மேட்டு மணலில்தான் இருக்கும்.

கட்டை விரலால் மணலில் ஒரு நீளமான கோடு கிழியுங்கள், நீங்கள் நிற்கும் இரு கால்களுக்கு நடுவிலிருந்து முன்னோக்கிப் போகும்படி. அதற்கு இணையாக, இலக்குப் பக்கம் 10 செ.மீ. தள்ளி இன்னொரு கோடு. பந்து இருப்பதாக நினைக்க வேண்டியது இரண்டுக்கும் நடுவில், அதாவது முதல் கோட்டுக்கு 5 செ.மீ. முன்னால். வெட்ஜின் முகத்தை முதலில் திறந்து, பிறகு பிடியைப் பிடியுங்கள். பிடித்த பிறகு மணிக்கட்டைத் திருப்பித் திறந்தால் அடிக்கும்போது அது தானாக மூடிக்கொள்ளும். எடை முன்காலில் 60 சதவீதம். முதல் கோட்டில் கிளப் மண்ணுக்குள் போக வேண்டும், இரண்டாவது கோட்டைத் தாண்டி வெளிவர வேண்டும். கோடு நெடுக ஒவ்வொரு அடியாக முன்னேறிப் போங்கள், இருபது அடிக்குப் பிறகு திரும்பிப் பாருங்கள். குழிகள் முதல் கோட்டுக்குப் பின்னாலேயே தொடங்கியிருந்தால் எடை பின்காலில் நின்றுவிட்டது என்று அர்த்தம். குழி ஆழமாக, கத்தி குத்தியதுபோல் இருந்தால் முகம் மூடியிருக்கிறது. ஆழமில்லாமல் ஒரு தோசைக்கரண்டி அளவுக்கு, கையகலத்துக்கு, சீவி எடுத்ததுபோல் இருந்தால் அதுதான் சரி.

ஈர மணல் இறுகியது, அதனால் பவுன்ஸ் (மட்டைத் தலையின் அடிப்பக்கச் சாய்வு) அதிகமுள்ள வெட்ஜ் துள்ளும். 4 முதல் 8 டிகிரி பவுன்ஸ் இறுகிய மணலுக்கு, 10 முதல் 14 டிகிரி பொலபொலவென்ற மணலுக்கு. கொடைக்கானலுக்கு எந்த வெட்ஜைக் கொண்டுபோவது என்பதற்காக, அங்கே பங்கர் மணல் எப்படி என்றும் அந்த ஃபோனிலேயே கேட்டுவிடலாம். பழகி முடித்ததும் குழிகளைக் காலால் மூடிவிடுங்கள், கிளப்பை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பூச்சு இல்லாத வெட்ஜில் கடலுப்பு ஒரே இரவில் துருவை ஏற்றிவிடும்.

பாம்பன்காற்று

காற்றைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. திருவனந்தபுரமோ இலங்கையோ போகிறவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன். எதிர்காற்று மணிக்கு 16 கி.மீ. இருந்தால் தூரத்தில் 10 சதவீதம் கூட்டுங்கள். 140 யார்டை 154 என்று நினைத்து அடியுங்கள். அதே வேகம் முதுகுக் காற்றாக இருந்தால் பாதிதான் லாபம், 140ஐ 133 என்று கொள்ளுங்கள். எதிர்காற்றில் ஓங்கி அடிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஓங்கி அடித்தால் பின்சுழற்சி கூடும், பந்து மேலே ஏறி நின்று செங்குத்தாக விழும். நம்பரில் ஒன்றிரண்டு குறைந்த, நீளமான கிளப்பை எடுத்து, பிடியை இரண்டு அங்குலம் கீழே இறக்கி, பந்தை ஒரு பந்தகலம் பின்னால் வைத்து, முக்கால் வீச்சில் அடிக்க வேண்டும்.

நம் கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று ஓயாமல் அடிக்கும், ஆண் கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், பெண் கடல் (பாக் விரிகுடா) குளம்போல் கிடக்கும். வாடைக்காலத்தில் அப்படியே தலைகீழ். ஜனவரி கடைசியில் வாடையின் வால் இன்னும் இருக்கும். ஆடாத மூன்று பேர் கடலில் இறங்குவதென்றால் அன்றைக்கு எந்தப் பக்கம் அமைதியாக இருக்கிறது என்று படகுக்காரரைக் கேட்டு முடிவு செய்யட்டும்.

சேதுக்கரை78

எல்லோருக்கும் நன்றி. இப்போதைய திட்டம்: முதல் நான்கு நாள் ராமேஸ்வரம், ஐந்தாம் நாள் கொடைக்கானல் போய், ஆறாம் நாள் ஆட்டம், ஏழாம் நாள் மதுரையிலிருந்து ரயில். சரியா?

ஒன்பதாம்ஹோல்

திருப்பிப் போடுங்கள். மதுரையில் இறங்கிய அன்றே மலை ஏறிவிடுங்கள். அன்று ஆட்டம் வேண்டாம், உடம்பு குளிருக்கும் உயரத்துக்கும் பழகட்டும். இரண்டாம் நாள் ஆட்டம். மலையில் மேகமோ மழையோ வந்து ஆட்டம் தடைப்பட்டால் மூன்றாம் நாள் காலை கையில் இருக்கும். உங்கள் திட்டத்தில் ஏழாம் நாள் ரயில் காத்திருப்பதால் அந்த வசதி இல்லை. மூன்றாம் நாள் இறங்கி மதுரையில் தங்கி, நான்காம் நாள் ராமேஸ்வரம். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்த பிறகு ராமேஸ்வரத்திலிருந்தே நேராகச் சென்னைக்கு ரயில் இருக்கிறது, மறுபடி மதுரைக்கு வர வேண்டியதில்லை.

வாகனத்தில் கொடைக்கானல் ஏற இ-பாஸ் கட்டாயம், 2024 மே முதல். வாடகைக் காராக இருந்தால் வண்டி எண் உறுதியான பிறகுதான் பதிவு செய்ய முடியும். ஆகவே கார்க்காரரிடம் எண்ணை முதல் நாள் இரவே வாங்கிவிடுங்கள், வேறு வண்டி அனுப்பினால் பாஸ் செல்லாது. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் அங்கே தடை. ஆட்டத்துக்கு ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் மூன்று ஹோலுக்கு ஒரு முறை குடிக்க வேண்டும்.

சேதுக்கரை78

சரி, அப்படியே மாற்றிவிட்டேன். கிரீன் துளை பற்றி நாளைக் காலை ஃபோனில் கேட்டுவிட்டு தேதியை உறுதி செய்கிறேன்.